கேட்க வெட்கப்படாதவர்

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் திருப்பூர் பனியன் கம்பெனியின் டிசைன் ரூமில் இருந்தது அக்காவும் நானும் மட்டும். முதலாளி இல்லை, சொந்தக்காரர் தோட்டத்தில் கெடா விருந்து என்று குண்டடம் பக்கம் போயிருந்தார். கம்ப்யூட்டர் கார்டு விற்ற கோயமுத்தூர்க் கடைக்காரர் இல்லை. வருகிறேன் என்று சொன்னவர் திங்கட்கிழமைக்குத் தள்ளிவிட்டார். எம்பிராய்டரி மெஷின் ஓட்டும் முருகேசன் காலையிலிருந்து எங்களோடு இருந்தார்; சரியாக அந்த நேரத்தில் டீ வாங்கப் போயிருந்தார். ஆகவே அங்கே என்ன பேசிக்கொண்டோம் என்பது இரண்டு பேருக்குத்தான் தெரியும். அக்கா யாரிடமும் சொல்லவில்லை. நான் இப்போதுதான் சொல்கிறேன்.

கம்பெனியில் எல்லாருக்கும் அவர் அக்காதான். பெயரைப் போட்டு எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து நல்லூரில் ஒற்றை அறை வீட்டில் குடியிருந்த குடும்பம். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். எங்கள் கம்பெனிக்கு நூல் பிசிறு வெட்டும் வேலைக்கு வந்து, நான் சேர்ந்தபோது கம்ப்யூட்டர் முன்னால் டிசைனராக உட்கார்ந்திருந்தார். பஞ்சிங் என்பார்கள் அந்த வேலையை. பனியனில் ஒரு கரடி பொம்மை வர வேண்டுமானால், ஊசி எங்கே இறங்கி எங்கே ஏற வேண்டும் என்று தையல் தையலாகக் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுப்பது. வெட்டும் கத்திரியிலிருந்து அந்த நாற்காலிக்கு எப்படி வந்தார் என்று ஒருமுறை முருகேசனிடம் விசாரித்தேன்.

“கேட்டே வந்துட்டாங்க. முன்னால இருந்த டிசைனர்கிட்ட தெனம் பத்து கேள்வி. ஏன் இந்தக் கோடு அப்படிப் போகுது, ஏன் இங்க நூல் அறுகுது. அந்தாளு பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயி, நீங்களே உக்காருங்கன்னு எந்திரிச்சுட்டாரு.”

கேட்கும்போது அக்கா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொள்வார். கண்ணாடி மேலே போனால் ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம். பஸ்ஸில், பேங்கில், ஆஸ்பத்திரியில், எங்கும் அப்படித்தான். பேங்கில் நான் கூடப் போயிருக்கிறேன். வரிசையில் இருபது பேர் நிற்க, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, “எனக்கு இந்த ஃபாரம் நிரப்பத் தெரியாது, யாராவது சொல்லிக் குடுப்பியளா?” என்று சத்தமாகக் கேட்டார். எனக்கு உடம்பு கூசியது. என் அப்பா பேங்கில் பேசவே மாட்டார். பாஸ்புக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, யாராவது தானாகக் கவனிக்கும்வரை ஓரமாக நிற்பார். எங்கள் வீட்டில் பேங்க் என்றால் அப்படித்தான் நிற்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். அக்காவுக்கு மூன்று பேர் ஓடி வந்தார்கள். அதில் ஒருவர் பேனாவும் கொடுத்தார்.

சனிக்கிழமை சம்பள வரிசையில் ஒருநாள் முதலாளியிடமே கண்ணாடி ஏறியது.

“சார், ஒரே மேசையில ஒரே வேல பாக்குதோம். ஆம்பளையாளுக்கு ஒரு சம்பளம், பொம்பளையாளுக்கு ஒரு சம்பளம். அது ஏன் சார்?”

முதலாளி சிரித்தார். எங்கள் கொங்குப் பக்கத்துக்காரர், கோபத்திலும் மரியாதை குறையாது. “ஏனுங்க, இப்படியெல்லாங் கேக்கலாங்களா?”

“கேக்காம எப்படி சார் தெரியும்?”

“அடுத்த மாசம் பாக்கலாமுங்க.”

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை மறக்காமல் கேட்டார். அதற்கடுத்த மாதமும் கேட்டார். மூன்றாவது மாதம் பிசிறு வெட்டும் பெண்களுக்குக் கொஞ்சம் கூடியது. முதலாளி அதற்கப்புறம் சனிக்கிழமைகளில் அக்காவைக் கண்டால் முதலிலேயே, “இன்னைக்கு என்னங்க கேள்வி?” என்பார்.

நான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். பன்னிரண்டு வரை தமிழில் படித்துவிட்டு, கல்லூரியில் எல்லாம் இங்கிலீஷ் என்று ஆனபோது முதல் ஆறு மாதம் ஒன்றும் விளங்கவில்லை. அப்போது ஒன்று கற்றுக்கொண்டேன். முகத்தை விளங்கிய மாதிரி வைத்துக்கொண்டால் யாரும் நம்மை எழுப்பிக் கேட்பதில்லை. தலையை எப்போது ஆட்டுவது, எப்போது லேசாகச் சிரிப்பது என்பதெல்லாம் பழகிவிட்டது. டிகிரியும் வந்துவிட்டது. அந்த முகத்தோடுதான் இந்தக் கம்பெனியில் சிஸ்டம் இன்சார்ஜாகச் சேர்ந்தேன்.

அந்த முகத்தை முதலில் கண்டுபிடித்தவர் அக்கா. வெளிநாட்டுக்குச் சரக்கு வாங்கித் தரும் பெங்களூர் பையிங் ஆபீஸிலிருந்து ஆள் ஒருவர் வந்து, பாதி இங்கிலீஷில் ஆர்டரை விளக்கிக்கொண்டிருந்தார். எம்பிராய்டரி டோன் ஆன் டோன் வேண்டும் என்றார். மேனேஜர் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். கண்ணாடி நெற்றிக்குப் போனது.

“டோன் ஆன் டோன்னா என்ன சார்?”

அவர் சொன்னார். அக்கா விடவில்லை. “அப்ப நீல பனியன்ல நீல நூலுதான் போடணுமா? வெள்ள நூலு கெடையாதா?”

கிடையாது என்றார். மேனேஜர் முகம் மாறிவிட்டது. வெள்ளை நூலுக்கு அவர் காலையிலேயே சொல்லியிருந்தார். ஓடிப்போய் போன் போட்டு நிறுத்தினார். அன்று மத்தியானம் டிபன்பாக்ஸைத் திறந்துகொண்டே அக்கா என்னைப் பார்த்தார்.

“ஒனக்கும் தெரியாதுதானே தம்பி?”

“தெரியுமுங்க்கா.”

“தெரிஞ்சா நீ ஏன் சொல்லல?” கோபமில்லாமல்தான் கேட்டார். நான் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன். “நீ ஏன் யார்ட்டயும் எதையும் கேக்க மாட்டேங்க? காசா கேக்காவ? வாயி சோறு திங்க மட்டுமா இருக்கு?”

மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் லேசாகச் சிரித்தேன்.

அந்தக் கார்டு என் யோசனை. டிசைன் கம்ப்யூட்டரில் ஆறு வருடத்து டிசைன்கள், ஆயிரத்துக்கும் மேலே, ஒரே ஹார்டு டிஸ்க்கில் இருந்தன. எல்லாம் அக்கா போட்டவை. மின்வெட்டு ஆரம்பித்திருந்த காலம். கரண்டு போய்ப் போய் வந்ததில் டிஸ்க் முனக ஆரம்பித்திருந்தது. ஒரு பத்திரிகையில் படித்ததை வைத்து முதலாளியிடம் போய்ச் சொன்னேன். பெரிய ஆபீஸ் சர்வர்களில் ரெய்டு கார்டு என்று ஒன்று இருக்கிறது. அதை மாட்டினால் எதை எழுதினாலும் இரண்டு டிஸ்க்கில் ஒரே நேரத்தில் எழுதும். ஒன்று செத்தாலும் இன்னொன்று இருக்கும். புதிது கட்டுபடியாகாது, பழையது கோயமுத்தூரில் கிடைக்கும். “படிச்சவங்க சொன்னாச் சரியாத்தான் இருக்குங்க கண்ணு” என்று முதலாளி சம்மதித்தார். அந்த வார்த்தையை அன்று ராத்திரி அப்பாவிடம் போனில் சொன்னேன்.

கார்டு பழைய பேப்பரில் சுற்றி வந்தது. சர்வரில் இருந்து கழற்றியது, ஒரு முழ நீளம் இருக்கும். அக்கா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது வேற எங்கயோ வேல பாத்ததுதானே? அங்க என்ன வேல பாத்துச்சு?”

எனக்கு எப்படித் தெரியும். ஆனால், “பேங்க் கணக்குங்க்கா” என்றேன்.

“அப்ப நல்ல எடத்துல இருந்து வந்திருக்கு” என்று சந்தோஷப்பட்டார்.

பிறகு கேட்டார். “ஆரம்பிக்க முன்ன எல்லாத்தையும் சிடில ஒரு காப்பி எடுத்து வச்சிருவமா? இதுவரைக்கும் ஒரு காப்பியும் எடுத்ததில்ல.”

“ஒரு நாள் ஆயிருமுங்க்கா. இதுல டிசைனைத் தொடவே போறதில்லீங்க.”

“நீ சொன்னாச் சரி.”

ஞாயிற்றுக்கிழமை திறந்து பார்த்தால், டெஸ்க்டாப்பில் அந்தக் கார்டு நுழையும் இடம் ஒன்றுதான், படம் காட்டும் கார்டுக்கு உள்ள நீள இடம். அதில் மாட்டி ஸ்விட்சைப் போட்டால் திரை இருட்டாகவே இருந்தது. கழற்றினால் கம்ப்யூட்டர் ஓடுகிறது, மாட்டினால் செத்துப்போகிறது. ஒரு மணி நேரம் கழற்றினேன், மாட்டினேன், ஊதினேன், துடைத்தேன். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. “போன் போட்டுக் கேளு தம்பி” என்று அக்கா இரண்டு தடவை சொன்னார். “இருங்க்கா, வந்துரும்” என்றேன். மூன்றாவது தடவை அவர் சொல்லவில்லை. முருகேசனின் போனை வாங்கி, கார்டு சுற்றி வந்த பேப்பரில் எழுதியிருந்த கடை நம்பருக்கு அக்காவே அடித்தார்.

“நாங்க திருப்பூர்ல இருந்து பேசுதோம். கார்ட மாட்டுனா தெர கருப்பா இருக்கு. எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது, நீங்க மெதுவாச் சொல்லணும்.”

கடைக்காரர் ஒரு கிரகப்பிரவேசத்தில் இருந்தார், பின்னால் நாதஸ்வரம் கேட்டது. சில டெஸ்க்டாப்பில் சர்வர் கார்டு அப்படித்தான் அடம்பிடிக்கும், கார்டின் அடியில் இருக்கும் செம்புக் கால்களில் ஐந்தாவதையும் ஆறாவதையும் டேப் ஒட்டி மூடினால் சரியாகும் என்றார். எந்தப் பக்கத்திலிருந்து ஐந்தாவது, முன்புறமா பின்புறமா, எந்த டேப், எவ்வளவு அகலம் என்று அக்கா கேட்டுக்கொண்டே போனார். கடைசியில், “வேற என்னமும் தெரையில கேட்டுச்சுன்னா?” என்றார்.

“கூப்பிடுங்க. தூங்கிட்டிருந்தாலும் எடுக்கறனுங்க. கேக்காம மட்டும் எதையும் அமுக்கீறாதீங்க.”

அந்தச் செம்புக் கால்கள் தையல் நூலைவிடக் கொஞ்சம்தான் அகலம். அக்கா தையல் எண்ணும் லென்ஸை மேசையில் வைத்து, பிசிறு வெட்டும் கத்திரியால் டேப்பில் இரண்டு கால் அகலத்துக்குத் துணுக்கு நறுக்கி, ஊசி முனையால் எடுத்து ஒட்டினார். மூச்சுவிட்டால் பறந்துவிடும். மாட்டினோம். திரையில் எழுத்து வந்தது.

முருகேசன் கை தட்டினார். “ஏங்க்கா, சிஸ்டத்தையும் நீங்களே பாத்துக்கலாமாட்ட இருக்குது. டிகிரிக்காரருக்கு வேலை போயிருமுங்க” என்று சொல்லிவிட்டு டீத் தூக்கை எடுத்துக்கொண்டு கீழே போனார்.

விளையாட்டுக்குச் சொன்னதுதான். ஆனால் அதற்குப் பிறகு நான் செய்தது எல்லாம் அந்தப் பேச்சுக்குப் பதில்.

கார்டைத் திருகி நிறுத்தும் தகடு டெஸ்க்டாப் பெட்டிக்குப் பொருந்தவில்லை. விட்டால் சாய்ந்தது. அதனால் நான் தரையில் முட்டி போட்டு ஒரு கையால் கார்டைத் தாங்கிக்கொண்டேன். கீபோர்டில் அக்கா உட்கார்ந்தார். பழைய டிஸ்க்கும் புது டிஸ்க்கும் கார்டில் மாட்டியாகிவிட்டது. நான் சொல்லச் சொல்ல அவர் அமுக்கினார்.

முதலில் ஒரு கேள்வி வந்தது. பழைய ஆபீஸில் தன்னோடு இருந்த டிஸ்க்குகளைக் காணவில்லை, அந்தக் கணக்கை மறந்துவிடலாமா என்று கார்டு கேட்டது. எட்டிப் பார்த்துப் படித்தேன், விளங்கியது. “பழசை மறக்கட்டுமான்னு கேக்குதுங்க. யெஸ்ஸுக்கு ஒய் அமுக்குங்க.” அமுக்கினார். அது சரிதான்.

பிறகு இரண்டு டிஸ்க்கையும் ஜோடி சேர்க்கும் வரியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். மறுபடி ஒரு கேள்வி வந்தது. கண்ணாடி நெற்றிக்குப் போவதைக் கீழிருந்து பார்த்தேன்.

“தம்பி, இது நாலு வரி இருக்கு. முன்ன வந்தது ரெண்டு வரி. இது செவப்பா வேற இருக்கு. என்ன சொல்லுது?”

கழுத்தை நீட்டிப் படித்தேன். முதல் வரி பாதி விளங்கியது. இரண்டாவது வரியில் தகவல் எல்லாம் போகும் என்ற மாதிரி இருந்தது. எந்தத் தகவல், கார்டில் இருந்த பழைய ஆபீஸ் தகவலா, டிஸ்க்கில் இருக்கும் எங்கள் டிசைனா என்று எனக்குப் பிடிபடவில்லை. இன்னொரு தடவை நிதானமாகப் படித்திருந்தால் பிடிபட்டிருக்கும். கடைக்காரரைக் கேட்டிருந்தால் ஒரு நிமிஷம். நான் முகத்தை விளங்கிய மாதிரி வைத்துக்கொண்டேன்.

“முன்னக் கேட்டதுதானுங்க்கா, திருப்பிக் கேக்குது.”

“கடக்கார அண்ணாச்சிட்ட ஒரு வார்த்த கேட்டுருவமா?”

“எதுக்குங்க்கா? நான் படிச்சதுதானுங்க இது.”

“டிசைனு போயிராதுல்லா?”

“போகாதுங்க. அமுக்குங்க.”

அமுக்கினார்.

திரையில் ஒரு எண் வந்தது. பூஜ்யம், ஒன்று, இரண்டு என்று ஏறியது. “இது என்னத்த எண்ணுது?” என்றார். ரெண்டையும் சேக்குதுங்க என்றேன். முருகேசன் டீ கொண்டுவந்தார். மூன்று பேரும் டீயைக் குடித்துக்கொண்டு அந்த எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அக்கா முருகேசனிடம், “இனி ஒண்ணு செத்தாலும் ஒண்ணு இருக்குமாம்” என்று சொன்னார். ஆறு வருடத்து டிசைனும் எங்கள் கண் முன்னால் அழிந்துகொண்டிருந்தது.

நூறு ஆனபின் கம்ப்யூட்டர் கிளம்பவில்லை. டிஸ்க்கில் ஒன்றுமில்லை என்று ஒரே வரி வந்தது. அந்த வரி எனக்கு முழுதாக விளங்கியது. “நாளைக்குக் கடைக்காரர் வந்து பாத்துக்குவாருங்க” என்று சொல்லிவிட்டு எப்போதும் அக்காவோடு ஏறும் நல்லூர் பஸ்ஸில் ஏறாமல் நடந்தே என் அறைக்குப் போனேன்.

திங்கட்கிழமை கடைக்காரர் இரண்டு நிமிஷம்தான் பார்த்தார். “ரெண்டு டிஸ்க்கும் காலிங்க. அழிச்சுட்டுத்தான் ஜோடி சேத்தும். அதத்தான் எச்சரிக்கையாக் கேக்கும். யாருங்க ஒய் போட்டது?”

முதலாளி நின்றுகொண்டிருந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை ஷிப்மென்ட். குழந்தைகள் பனியன், நெஞ்சில் கரடி. கரடி போய்விட்டது.

“யாருங்க கண்ணு அமுக்குனது?” என்று என்னைக் கேட்டார். குரல் உயரவில்லை.

நான்தான் அமுக்கச் சொன்னேன் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். படிச்சவங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும் என்று இவர் சொன்னதை அப்பா ஊரில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன்.

“அக்காதானுங்க அமுக்குனாங்க” என்றேன்.

அதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை.

முதலாளி அக்காவைப் பார்த்தார். “ஏனுங்க, தெரியாததை எதுக்குங்க தொட்டீங்க?”

அக்கா என்னைப் பார்த்தார். கண்ணாடி நெற்றிக்குப் போகும், நீதானே தம்பி அமுக்கச் சொன்ன என்று கேட்பார், நான் ஆமாம் என்று சொல்லிவிடுவேன், முடிந்துவிடும் என்று காத்திருந்தேன். உண்மையில் அந்தக் கேள்விக்காக ஏங்கினேன். கண்ணாடி மூக்கின் மேலேயே இருந்தது.

“ஆமா சார். எங் கைதான்” என்றார்.

அன்றே வேறு கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். சாம்பிள் பனியனை லென்ஸுக்கு அடியில் வைத்து, தையலை எண்ணி எண்ணி நான்கு நாளில் கரடியைத் திரும்பப் போட்டார். காதின் வளைவு முதலில் இருந்ததைவிட நன்றாக வந்ததாக முருகேசன் சொன்னார். சரக்கு தாமதமாகி, கப்பலுக்குப் பதில் கூடுதல் செலவில் விமானத்தில் போனது. மற்ற டிசைன்கள் திரும்ப வரவில்லை; சென்னைக்கு டிஸ்க்கை அனுப்பிப் பார்த்தோம், ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மாதக் கடைசியில் புதிதாக ஒரு டிசைனர் வந்தார். அக்காவை செக்கிங் மேசைக்கு அனுப்பினார்கள், தைத்து வந்த பனியனில் ஓட்டை, கறை பார்க்கும் வேலை. டிசைனர் நாற்காலியில் இருந்த தலையணையை அவரே எடுத்துக்கொண்டு போனார்.

நான் அந்த மேசைப் பக்கம் போகும்போதெல்லாம் என்னிடம் பேசினார். முகத்தைத் திருப்பிக்கொண்டதில்லை. முன்பு, “சாப்ட்டியா தம்பி, அப்பா நல்லா இருக்காவளா, ஊருக்கு எப்பப் போற?” என்று நிறுத்தாமல் கேட்பவர். இப்போது, “சாப்பிடு தம்பி, நேரமாயிட்டு” என்பார். “ஊருக்குப் போயிட்டு வா” என்பார். அதன்பிறகு அவர் என்னிடம் எதையும் கேட்கவில்லை. மற்ற எல்லாரிடமும் கேட்டார். செக்கிங் மேசையிலிருந்து அந்தக் குரல் மாடிக்குக் கேட்கும். இந்தக் கறை எதனால வருது, இத யார் தச்சது, ஏன் இப்படித் தச்சாவ.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள் முதலாளி அறைக்குப் போனேன். “அந்தக் கார்டு விஷயமுங்க” என்று ஆரம்பித்தேன்.

“அட உடுங்க கண்ணு. நீங்க படிச்சவங்க, உங்களுக்குத் தெரியும். அவுங்களுக்குத் தெரியாம பண்ணீட்டாங்க. போச்சு போங்க.”

அவர் போனை எடுத்தார். நான் இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன். என் அப்பா பேங்கில் நிற்கிற மாதிரி நின்றேன். பிறகு வெளியே வந்துவிட்டேன்.

அடுத்த வருடம் பள்ளிக்கூடம் திறக்கும் முன் அக்கா குடும்பம் ஊருக்கே திரும்பிவிட்டது. கம்பெனிக்கு எவ்வளவு நஷ்டம் என்று முதலாளி யாரிடமும் சொன்னதில்லை. அக்கா வீட்டுக்கு எவ்வளவு நஷ்டம் என்று நான் மட்டும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். டிசைனர் சம்பளத்துக்கும் செக்கிங் சம்பளத்துக்கும் மாதம் மூவாயிரத்து இருநூறு வித்தியாசம். பதினோரு மாதம் அந்த மேசையில் நின்றார். முப்பத்தையாயிரத்து இருநூறு ரூபாய்.